குடலின் மதிலும் குடும்பத்தாரின் கேள்வியும்



வீட்டில் ஒரு பிள்ளைக்கு 'குரோன்ஸ்' என்னும் குடல் அழற்சி வியாதி என்று தெரிந்ததும், "மற்றப் பிள்ளைகளுக்கும் வருமோ?" என்ற பயம் பெற்றோரைப் பிடித்துக்கொள்கிறது. அவர்களுக்கு என்ன சொல்லலாம்?

நமது குடலின் உட்புறத்தை மூடியிருப்பது ஒரே வரிசை உயிரணுக்கள்தான். செங்கற்களுக்கு இடையே சாந்து இருப்பதுபோல, சில புரதங்கள் அவற்றை இறுகச் சேர்த்து வைத்திருக்கின்றன. இம்மதில் சத்தை உள்ளே விடுகிறது. கிருமிகளை வெளியே நிறுத்துகிறது. சாந்து தளர்ந்தால் வரக்கூடாதவை கசிந்து வரும். அப்போது சரீரத்தின் காவல் அணுக்கள் கிளர்ந்தெழுந்து அழற்சியை உண்டாக்கலாம்.

1986ல் அமெரிக்காவில் டேனியல் ஹாலண்டர் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும், நோயாளிகளிடம் மட்டுமல்ல, சுகமாயிருந்த அவர்களுடைய உறவினரிடமும் இக்கசிவைக் கண்டார்கள். அப்படியானால் கசிவு வியாதிக்கு முன்னே வருகிறதா, பின்னே வருகிறதா?

இதை அறிய, கனடாவைத் தலைமையிடமாகக் கொண்ட ஆய்வொன்றில் நோயாளிகளின் பிள்ளைகளும் உடன்பிறந்தாருமான 1,420 பேரைப் பல ஆண்டுகள் கவனித்தார்கள். பரிசோதனை எளியது. லாக்டுலோஸ், மானிடால் என்ற இரண்டு சர்க்கரைகளைக் கரைத்துக் குடிக்கவேண்டும். பிறகு சிறுநீரைச் சேகரிக்கவேண்டும். மானிடால் சிறியது, எளிதில் உள்ளே போகும். லாக்டுலோஸ் பெரியது, சிறுநீரில் அது கூடினால் மதிலில் இடைவெளி உண்டென்று பொருள்.

2020ல் வெளியான முடிவின்படி, அவர்களில் 50 பேருக்கு வியாதி வந்தது. கசிவு கூடுதலாயிருந்தவர்களுக்கு அபாயம் ஏறக்குறைய மூன்று மடங்கு. கசிவு சிலரில் வியாதிக்கு முன்னரே இருக்கிறது என்று இதனால் அறிகிறோம். எனினும் 1,370 பேருக்கு அக்காலத்தில் வியாதி வரவில்லை என்பதையும் மறக்கவேண்டாம்.

கசிவை அடைத்து இவ்வியாதியைத் தடுக்கும் என்று நிரூபிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. ஆகையால் விளம்பரங்களை நம்பிப் பணத்தை இழக்கவேண்டாம். புகைபிடித்தல் குரோன்ஸ் அபாயத்தைக் கூட்டும், அதை விட்டுவிடலாம். நீடித்த பேதி, மலத்தில் இரத்தம், எடைக் குறைவு கண்டால் தாமதியாமல் மருத்துவரிடம் செல்லவேண்டும். நமது நாட்டில் குடல் காசநோயும் இதே சாயலில் வருவதால், சரியான பரிசோதனை மிக அவசியம்.

இது தொற்றுநோய் அல்ல. உங்கள் சபையில் இப்படிப்பட்ட குடும்பம் இருந்தால், அவர்களோடு தயங்காமல் பந்தியில் உட்காருங்கள். பயந்திருக்கும் தாய்க்கு அதுவே பெரிய ஆறுதல்.