மின் ஒப்பந்தக்காரர் தொழில்

பைக்காராவில் 1932-ஆம் ஆண்டிலும், மேட்டூரில் 1937-ஆம் ஆண்டிலும், பாபநாசத்தில் 1944-ஆம் ஆண்டிலும் நீர்வீழ்ச்சியினின்று மின்னாற்றல் பிறப்பிக்கும் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. தாமிரபரணி நீர் வயலுக்குப் பாய்வதற்கு முன்னரே ஒரு சக்கரத்தைச் சுழற்றிவிட்டுச் செல்லும் அவ்விந்தையைக் குறித்துப் பாடப் புத்தகங்களிற் பலகால் படித்திருக்கிறோம். ஆனால் அவ்வாற்றல் கம்பி வழியே தெருவை அடைந்த பின்னர், மீட்டரைக் கடந்து, கடையின் விளக்கிற்கும் விசிறிக்கும் செல்லும் அந்தச் சில கஜ தூரத்தைப் பற்றி எப்புத்தகமும் விரித்துரைத்ததாக நான் கண்டிலேன். அத்தூரத்திற்குப் பொறுப்பாளராகிய உரிமம் பெற்ற மின் ஒப்பந்தக்காரரைப் பற்றியே இங்கு எழுதப் புகுகின்றேன். என் தாய்மாமன் பாளையங்கோட்டையில் இத்தொழில் செய்பவராதலின், சென்ற கோடை விடுமுறையில் அவருடன் கடைத்தெருவிற் சுற்றும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது.

இத்தொழிலுக்குச் சட்டம் வகுத்த எல்லை தெளிவானது. 1956-ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகளுள் 45-ஆம் விதி, மாநில அரசின் உரிமம் பெற்ற ஒப்பந்தக்காரரே ஒருவர் இடத்தில் மின்னமைப்பு வேலையைச் செய்யவேண்டும் என்றும், தகுதிச் சான்று பெற்ற மேற்பார்வையாளர் ஒருவர் அதனை நேரில் கண்காணிக்கவேண்டும் என்றும், கம்பியிழுப்பவரும் அதற்குரிய அனுமதி பெற்றிருக்கவேண்டும் என்றும் கூறிற்று. எரிந்துபோன பல்பை மாற்றுதல், பழைய ஸ்விட்சுக்குப் பதில் அதே அளவுள்ள புதிய ஸ்விட்சு பொருத்துதல் போன்ற சிறு வேலைகளுக்கு மட்டும் விலக்கு உண்டு. அவ்விதிகளுக்குப் பதிலாக 2010-ஆம் ஆண்டிலும் 2023-ஆம் ஆண்டிலும் புதிய ஒழுங்குமுறைகள் வந்தபோதிலும், இதன் கருத்து மாறவில்லை. நம் மாநிலத்தில் உரிமம் வழங்குவதற்கெனத் தனி வாரியம் ஒன்று சென்னையில் இருக்கின்றது. உரிமத்தைக் குறித்த காலத்திற்கு ஒருமுறை புதுப்பித்தலும் வேண்டும்.

கடைத்தெருவிலோ பேச்சு வேறு விதமாக நடக்கின்றது. அங்கே வேலை 'பாயிண்டு' கணக்கிற் பேசப்படும். ஒரு விளக்கு ஒரு பாயிண்டு. ஒரு விசிறி ஒரு பாயிண்டு. ஒரு பிளக்கு ஒரு பாயிண்டு. இக்கணக்கில் உரிமம் உடையவரும் இல்லாதவரும் ஒரே வரிசையில் நின்று விலை கூறுகின்றனர். பின்னவர் குறைத்துக் கூறுதல் எளிது. குளிர்சாதனத்திற்கு 4 சதுர மில்லிமீட்டர் கம்பி வேண்டிய இடத்தில் 2.5 கம்பியை இழுத்துச் சுவரைப் பூசிவிட்டால் கண்டவர் யார்? அதனினும் எளிதாகக் குறைக்கத்தக்கது 'எர்த்து' எனப்படும் நிலத்தொடர்பு. அது விளக்கை எரியச் செய்வதுமில்லை, விசிறியைச் சுழற்றுவதுமில்லை. இரண்டரை மீட்டர் நீளமுள்ள இரும்புக் குழாயை மண்ணில் இறக்கி, கரியும் உப்பும் அடுக்கடுக்காக இட்டு, நீர் வார்த்து வைப்பதற்குச் செலவு செய்யும் வணிகருக்கு அதனாற் கண்முன் கிடைக்கும் பயன் யாதுமில்லை.

பயன் எப்போது தோன்றுமெனின், இரும்பு உடலுடைய ஒரு கருவியினுள் கம்பியின் உறை தேய்ந்து மின்சாரம் அவ்வுடலில் ஏறும்போது. எர்த்து நன்றாயிருப்பின் மின்சாரம் அவ்வழியே பெருகிப் பாய, பியூஸ் எரிந்தோ டிரிப்பர் விழுந்தோ இணைப்பு அறும். எர்த்து இல்லையெனின் தொடுபவன் உடலே வழியாகும். எர்த்து இருந்தும் மண் வறண்டு, அதன் தடை 10 ஓமாக ஏறியிருப்பின், 230 வோல்ட்டு அழுத்தத்தில் 23 ஆம்பியருக்கு மேற் செல்லாது. 16 ஆம்பியர் டிரிப்பர் அதற்கு விரைந்து விழும் என நம்புதற்கில்லை. இக்குறையைத் தீர்க்கவே, 30 மில்லி ஆம்பியர் கசிவு நேர்ந்த மாத்திரத்தில் இணைப்பை அறுக்கும் கருவி ஒன்று இன்று பொருத்தப்படுகின்றது. பள்ளியில் ஓம் விதியை நெட்டுருச் செய்த எனக்கு, அது ஓர் உயிரின் கணக்கென்பது அன்றுதான் விளங்கிற்று.

வேலை முடிந்ததும் ஒப்பந்தக்காரர் சோதித்து, சோதனை அறிக்கையிற் கையொப்பமிட வேண்டும். அதன் பின்னரே புதிய இணைப்புக் கிடைக்கும். 500 வோல்ட்டு மெகர் கொண்டு கம்பிக்கும் நிலத்திற்கும் இடையே ஒரு நிமிஷம் சோதிக்கும்போது, உறையின் தடை 1 மெகா ஓமுக்குக் குறைதலாகாது. எர்த்தின் தடையை வேறொரு கருவியால் அளப்பர். இவ்விரண்டையும் செய்யாது கையொப்பத்தை மட்டும் விற்போரும் உளர். எங்கும் நடப்பதுதானே என்று சிலர் இதனை இலேசாகப் பேசுகின்றனர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை.

ஒரு நாள் குளிர்பானக் கடை வைத்திருக்கும் வணிகர் ஒருவர் மாமாவை அழைத்தார். வயரிங் வேலை முழுவதும் வேறொருவர் முடித்திருந்தார். கையொப்பம் மட்டுமே தேவை. "அண்ணாச்சி, பார்த்துவிட்டுப் போடுகிறேன்" என்று மாமா பலகையைக் கழற்றினார். ஒவ்வொரு பெட்டியிலும் பச்சைக் கம்பி ஒழுங்காக வந்திருந்தது. ஆனால் மீட்டர்ப் பலகையின் பின்புறம் அது எதனோடும் இணையாமல் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. கடையின் பின்கட்டில் குழாயும் இல்லை, குழியும் இல்லை. நனைந்த தரையில் வெறுங்காலுடன் நின்று, ஒரு சிறுவன் குளிர்ப்பெட்டியின் இரும்புக் கைப்பிடியைப் பிடித்துத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

குழி எடுக்க ஆகும் செலவை மாமா கூறினார். "பக்கத்துக் கடையில் ஒருவரும் இதைக் கேட்கவில்லையே, தம்பி!" என்றார் வணிகர். மாமா கையொப்பமிடாமல் வந்துவிட்டார். நான்கு நாளில் வேறொருவர் கையொப்பமிட, இணைப்பும் வந்தது. அக்கடைக்காரர் மட்டுமன்றி அவருடைய உறவினர் இருவரும் அதன்பின் மாமாவை வேலைக்கு அழைக்கவில்லை.

விடுமுறை முடிவதற்குள் ஒரு மாலை அவ்வழியே சென்றேன். சிறுவனின் காலில் புதிய ரப்பர்ச் செருப்பு இருந்தது. அதனை மாமா வாங்கிக் கொடுத்ததாக அத்தை சொல்லிப் பின்னர் அறிந்தேன். செருப்பு எர்த்துக்கு ஈடாகாது என்பதை அவரே என்னிடம் பலமுறை கூறியிருக்கிறார்.