மானிடவியலும் தொலைநிலைக் கல்வியும்

மாந்தர் எவரை உறவென ஏற்கின்றனர், எங்ஙனம் மணந்துகொள்கின்றனர், எத்தெய்வத்தை வணங்குகின்றனர் என்பனவற்றை முறைப்பட ஆராயும் துறை மானிடவியல். உடலமைப்பு, தொல்பொருள், மொழி, சமுதாய வாழ்வு என இதனை நான்கு கிளைகளாகப் பகுத்துக் கற்பிப்பது உண்டு. பிற துறைகளுக்கு ஆய்வுக்கூடம் எப்படியோ, இத்துறைக்கு மக்கள் வாழும் ஊர் அப்படி. ஆதலின், பல்கலைக் கழக வாயிலை மிதியாது, அயல்நாட்டில் இருந்தபடியே இணையவழியில் இதனைக் கற்றுப் பட்டம் பெறுதல் இயலுமா என்னும் வினா எழுகின்றது.

தொலைவிலிருந்து பட்டம் பெறுவது புதுவழக்கமன்று. இலண்டன் பல்கலைக் கழகம் 1858-ஆம் ஆண்டிலேயே வெளிமாணவர்க்குத் தன் தேர்வுகளைத் திறந்துவிட்டது. மலேசிய அறிவியல் பல்கலைக் கழகம் 1971-இல் புறநிலைக் கல்வியைத் தொடங்கிற்று. 1985-இல் நிறுவப்பெற்ற இந்திரா காந்தி தேசியத் திறந்தநிலைப் பல்கலைக் கழகத்தின் பாடங்களுள் மானிடவியல் முதுகலையும் ஒன்று. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலப் பல்கலைக் கழகம் மானிடவியல் இளநிலைப் பட்டத்தை இணையவழியிலேயே அளிக்கின்றது.

ஜொகூர் மாநிலத்தில், சிகாமட்டுக்கும் குளுவாங்குக்கும் இடையே இருப்புப்பாதையை ஒட்டி அமைந்த சிற்றூர் லாபிஸ். அங்கு வாழும் தமிழாசிரியர் ஒருவர் இத்தகைய பாடமொன்றை மேற்கொள்கிறார் எனக் கொள்க. கொள்கைகளையும் வரலாற்றையும் அவர் இரவில் வீட்டிலிருந்தே கற்கலாம். எலும்புகளைக் கையால் தொட்டு அளந்து பயிலும் பயிற்சி மட்டும் திரைவழியே முற்றும் கைகூடாது. எஞ்சுவது களப்பணி. போலந்து நாட்டில் பிறந்த மாலினோவ்சுகி 1915 முதல் 1918 வரை இருமுறை திரோபிரியாந்துத் தீவுகளுக்குச் சென்று, அம்மக்களிடையே தங்கி, அவர்தம் மொழியிலேயே பேசி ஆராய்ந்தார். அன்றுமுதல் மக்களோடு மக்களாய் வாழ்ந்து அறிதலே இத்துறையின் உயிர்நாடியாயிற்று.

இங்கேதான் தொலைநிலை மாணவர்க்கு ஒரு பேறு வாய்க்கின்றது. வளாகத்தில் பயில்வோர் தேடிச் செல்லும் களம் அவர் வீட்டு வாயிலிலேயே உள்ளது. மலாயாத் தோட்டத் தமிழரை ஆராய இரவீந்திர ஜெயின் என்னும் இந்திய அறிஞர் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக் கழகத்திலிருந்து வந்து, 1962-63-இல் தோட்டமொன்றில் தங்கினார். அவர் நூல் 1970-இல் வெளியாயிற்று. தோட்டத்தின் உண்மைப் பெயரை மறைத்து வேறொரு பெயர் சூட்டினார். தம் வாழ்வைத் திறந்து காட்டியவர்க்குத் தீங்கு நேராமல் காப்பது ஆய்வாளர் கடமை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

லாபிஸ் வட்டாரத்தில் ஆராய்தற்குரியவை பல. கங்காணிகள் தம் ஊராரையும் உறவினரையும் திரட்டி மலாயாவுக்கு அழைத்து வந்தனர். 1938-இல் இந்திய அரசு அவ்வகைத் தொழிலாளர் குடியேற்றத்தைத் தடுத்தது. ஊரிலிருந்து முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் வருவது அரிதான பின், தோட்டத்தில் மணவுறவு எவ்வாறு அமைந்தது? வேற்றூரினரான அண்டை லயத்தாரை ‘மாமா’ என்றும் ‘சித்தப்பா’ என்றும் அழைத்தபோது, யாரை எம்முறை சொல்லி அழைப்பது என்பதை எது முடிவு செய்தது? பால்மரம் போய்ச் செம்பனை வந்து, லயங்கள் கலைந்தபோது, கோயிலும் திருவிழா உபயமும் யார் பொறுப்பாயின? இவற்றுக்கு விடை கூறத்தக்கோர் மூத்த தொழிலாளரே.

எனினும், சொந்த ஊரை ஆராய்வதில் இடர் ஒன்றுண்டு. அயலான் எதனையும் வியந்து வினவுவான். உள்ளூரானோ ‘இது தெரிந்ததுதானே’ எனக் கடந்துவிடுவான். பெரட்டுக் களத்தில் யார் எங்கே நின்றனர், கிராணியின் வீட்டுக்குள் யார் நுழையலாம், யார் வாயிலிலேயே நிற்க வேண்டும் என்பன எழுதத் தகாத சிறுசெய்திகளாய் அவனுக்குத் தோன்றும். சமுதாயத்தின் அமைப்போ அவற்றிலேதான் பொதிந்துள்ளது. தெரிந்ததைத் தெரியாததுபோல் நோக்கும் பயிற்சியைத் தருவதே இப்படிப்பின் பெரும்பயன். தொலைவிலிருக்கும் பேராசிரியரும் இதற்கு உதவுவார். ‘லயம்’ என்னும் ஒரு சொல்லையே அவருக்கு விளக்கி எழுத நேரும்போது, எழுதுவோர்க்கும் அதன் பொருள் புதிதாய்ப் புலப்படும்.

பட்டத்தின் மதிப்பையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பணம் கட்டுமுன், அப்பட்டம் நாட்டில் ஏற்கப்படுமா என மலேசியத் தகுதி முகமையிடம் கேட்டறிதல் நலம். களப்பணியும் ஆய்வேடும் பாடத்தில் உண்டா எனவும் நோக்குதல் வேண்டும். அவை இல்லாத மானிடவியற் பட்டம் நீரில் இறங்காது கற்ற நீச்சல் போன்றது.

தோட்ட வாழ்வை நேரில் அறிந்த முதியோர் ஆண்டுதோறும் குறைந்து வருகின்றனர். பாடம் எந்நாட்டிலிருந்தும் வரலாம். அவர்தம் நினைவை அவர்தம் மொழியிலேயே கேட்டு எழுத, உடன் வாழ்வோரே வேண்டும். தமிழாசிரியர்க்கு மொழியும் உண்டு, உறவும் உண்டு. முறையான பயிற்சியும் சேருமாயின், ஒரு தலைமுறையின் வரலாறு அழியாது நிற்கும்.