நிலத்தடி வழக்குகள் – 9: அனுமதி பட்டாவான கதை

அனுமதி வேறு, பட்டா வேறு. அனுமதி கொடுத்தவர் பின்னொரு நாள் கணக்குக் கேட்கலாம். பட்டா கொடுத்தபின் கேட்க முடியாது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் 2017-ல் நடந்த நிலத்தடி நீர்ச் சண்டை இந்த வேறுபாட்டைப் பற்றியதுதான். அங்கே ஒரே சொத்தில் உள்ள கிணறுகள் சேர்ந்து நாளொன்றுக்கு 1 லட்சம் காலன், அதாவது ஏறத்தாழ 3.8 லட்சம் லிட்டர், இறைக்கும் திறன் பெற்றிருந்தால் அவை 'உயர்திறன் கிணறுகள்'. தோண்டுமுன் மாநில இயற்கை வளத் துறையிடம் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதிக்குக் காலாவதி கிடையாது. பழைய கிணறு தூர்ந்து மாற்றுக் கிணறு போடும்போதுதான், அக்கம்பக்கத்து நீர்நிலைகள் எப்படி இருக்கின்றன என்று துறை மறுபடி பார்க்க வாய்ப்பு இருந்தது. புதிய மசோதா அதையும் மூடியது. பழுது பார்த்தாலும், அருகிலேயே ஏறத்தாழ அதே ஆழத்தில் மாற்றுக் கிணறு போட்டாலும், நிலம் கைமாறினாலும் புது அனுமதி வேண்டாம் என்றது. ஏரிக்கரை வீட்டுக்காரர்களும் மீன்பிடிப்போரும் சுற்றுச்சூழல் அமைப்புகளும் எதிர்த்தார்கள். ஆனாலும் ஜூன் 1 அன்று ஆளுநர் ஸ்காட் வாக்கர் கையெழுத்திட்டுச் சட்டமாக்கினார்.

எதிர்த்தவர்களின் அச்சத்துக்கு ஆதாரம் மண்ணிலேயே இருந்தது. மாநிலத்தின் நடுவில் உள்ள 'சென்ட்ரல் சாண்ட்ஸ்' மணற்பாங்கான வட்டாரம். மேலே விழும் மழை விரைவாகக் கீழே இறங்கும். அந்த நீர்மட்டமே பள்ளமான இடங்களில் ஏரியாகவும் ஓடையாகவும் வெளியே தெரிகிறது. ஆகவே அங்கே கிணற்று நீர், ஏரி நீர் என்ற பிரிவினை காகிதத்தில் மட்டுமே உண்டு. உருளைக்கிழங்கு, மக்காச்சோளம், பீன்ஸ் வயல்களுக்காக அங்கே 2,000-க்கும் மேற்பட்ட உயர்திறன் கிணறுகள் இறைக்கின்றன. நன்னீர் மீனுக்குப் பேர்போன லிட்டில் ப்ளோவர் ஆற்றின் ஒரு பகுதி 2005-ல் வறண்டது. அதை வற்றச் செய்த கிணறு எது என்று எவராலும் விரல் நீட்ட முடியாது. தனித்தனியாகப் பார்த்தால் ஒவ்வொன்றும் குற்றமற்றது. சேர்த்துக் கூட்டினால்தான் கணக்கு தெரியும். தோண்டிய நாளோடு ஆய்வை முடித்துக்கொள்ளும் சட்டத்தில் அந்தக் கூட்டலுக்கு இடமில்லை.

விவசாயிகளின் வாதத்தை எளிதாகத் தள்ளிவிட முடியாது. கடன் வாங்கிப் பாசனம் அமைத்தவருக்கு, கிணறு இடிந்ததும் தண்ணீர் உரிமையும் இடிந்துபோகும் என்றால் எந்த வங்கி நம்பும்? நியாயமான கேள்வி. ஆனால், உத்தரவாதம் வேண்டும் என்பது வேறு, என்றைக்கும் கேள்வியே கூடாது என்பது வேறு. நீண்ட தவணையில், முன்கூட்டியே அறிவித்து, இறைப்பைப் படிப்படியாகக் குறைக்கும் ஏற்பாடு முன்னதைக் காக்கும். மழை குறைந்ததால்தான் ஏரிகள் வற்றின என்பது அடுத்த வாதம். மழையின் பங்கை யாரும் மறுக்கவில்லை. அதனால்தான் மழையின் பங்கையும் இறைப்பின் பங்கையும் பிரித்தறிய வேண்டியிருந்தது. அந்த 2017 சட்டமே மூன்று ஏரிகளை ஆராயச் சொன்னது. 2021-ல் வந்த முடிவு: பாசன இறைப்பு லாங் ஏரியையும் பிளைன்ஃபீல்டு ஏரியையும் குறிப்பிடத்தக்க அளவு பாதித்திருக்கிறது, பிளசன்ட் ஏரியை அப்படிப் பாதிக்கவில்லை. இந்த மூன்றாவது ஏரிதான் எதிர்ப்பாளர்களின் மிக வலுவான சாட்சி. மறு ஆய்வு என்றாலே தண்டனை என்று அஞ்சியவர்களுக்கு, ஆய்வு கிணறுகளைக் குற்றத்திலிருந்து விடுவிக்கவும் செய்யும் என்று அது காட்டியது.

விஸ்கான்சின் அரசியல் சாசனம் படகு செல்லக்கூடிய நீர்நிலைகளைப் பொதுச் சொத்தாக மாநிலத்திடம் ஒப்படைத்திருக்கிறது. அந்தப் பொறுப்பை முன்னிறுத்தி, கிணற்றால் வரும் கேட்டைத் துறை கணக்கில் எடுக்கலாம் என்று மாநில உச்ச நீதிமன்றம் 2011-ல் பூலா ஏரி வழக்கில் சொன்னது. 2016-ல் அரசுத் தலைமை வழக்கறிஞர் அந்த அதிகாரம் இல்லை என்று கருத்துரைத்தார், துறை பின்வாங்கியது. 2021 ஜூலையில் அதே நீதிமன்றம் 4-க்கு 2 என்ற கணக்கில் அதிகாரத்தை மீட்டுக் கொடுத்தது. புதிதாகத் தோண்டுபவரிடம் இப்போது கேள்வி கேட்கலாம். ஏற்கெனவே இறைத்துக்கொண்டிருக்கும் கிணறுகளுக்கு 2017-ன் சட்டம் அப்படியே நிற்கிறது. பொதுச் சொத்தின் காவலர் புதிதாக வருபவரை மட்டும் சோதித்து, நெடுநாளாக உள்ளே இருப்பவரைக் கேட்காமல் விடுவது காவல் ஆகாது.

(அடுத்த வாரம்: டெக்சஸ் – இறைத்தவனுக்கே நீர்)