கோட்டை, ஆற்றங்கரை, தங்க ஆணி: யூட்டாவில் ஒரு நாள்

இந்த எபிசோடில் டெக் கொஞ்சம் கம்மி, வரலாறு கொஞ்சம் ஜாஸ்தி.

ஆபீஸ் வேலையா அமெரிக்காவின் யூட்டா மாநிலத்துக்குப் போயிருந்தப்போ, ஒரு சனிக்கிழமை கைடோட ஒரு நாள் டூர் போனேன். சால்ட் லேக் சிட்டியில் கிளம்பி மூணு இடம்: ஒரு ராணுவக் கோட்டை, ஒரு ஆற்றங்கரை, ஒரு ரயில்வே நினைவிடம். தனித்தனியா பார்த்தா மூணும் வேற வேற கதை. ஆனா 1862, 1863, 1869னு ஆண்டு வரிசையில் பார்த்தா ஒரே கதை. அதைத்தான் இன்னைக்குப் பேசப் போறோம்.

முதல் ஸ்டாப்: ஃபோர்ட் டக்ளஸ்

கோட்டைன்னு பேர்தான், மதில், அகழி எல்லாம் கிடையாது. நகரத்துக்கு மேலே, பல்கலைக்கழக வளாகத்தை ஒட்டி, கல் வீடுகளும் ஒரு மியூசியமும் இருக்கு. 1861ல் அமெரிக்காவின் இரு கரைகளையும் இணைக்கிற தந்திக் கம்பி இதே நகரத்தில்தான் இணைஞ்சது. அதே வருஷம் உள்நாட்டுப் போரும் தொடங்கிடுச்சு. வழக்கமான படைகள் கிழக்கே போயிட்டதால, அந்தத் தந்திக் கம்பியையும் தபால் வழியையும் காக்க கலிஃபோர்னியா தன்னார்வப் படை வந்தது. அதன் தளபதி பேட்ரிக் கானர், 1862 அக்டோபரில் இந்த முகாமை அமைச்சார்.

இங்கே எதைக் காக்க வந்தாங்கங்கிறதை மனசுல வெச்சுக்கங்க: ஊரை இல்லை, ஒரு வழித்தடத்தை.

இரண்டாவது: பேர் ஆறு

வடக்கே ரெண்டு மணி நேரம் போனா ஐடஹோ மாநிலத்தில் பிரெஸ்டன்னு ஒரு சின்ன ஊர். அதுக்குப் பக்கத்தில், பேர் ஆற்றங்கரையில், வடமேற்கு ஷோஷோனி மக்கள் குளிர்காலத்தில் தங்குவாங்க. குடியேறிகள் வந்து பள்ளத்தாக்கைப் பிடிச்சதில் வேட்டையும், அவங்க உணவா நம்பியிருந்த புல் விதைகளும் குறைஞ்சது. பசி, கால்நடைத் திருட்டு, பதிலடின்னு பகை வளர்ந்தது. 1863 ஜனவரி 29, உறைபனிக் காலையில் கானரின் படை அந்த முகாமைத் தாக்கியது. செத்தவங்க எத்தனை பேர்னு கணக்குகள் வேறுபடுது: சுமார் 250ல் இருந்து 400க்கும் மேல. பெண்கள், குழந்தைகள் உட்பட. கானருக்குப் பதவி உயர்வு கிடைச்சது. காலையில் பார்த்தோமே, அந்தக் கோட்டையின் கல்லறைத் தோட்டத்தில்தான் அவர் புதைக்கப்பட்டிருக்கார்.

1932ல் வெச்ச நினைவுத்தூண் இதை ஒரு போர்னு சொல்லுது. பெண்களையும் குழந்தைகளையும்கூட போரிட்டவங்க கணக்கில் சேர்க்குது. 1990ல் தேசிய வரலாற்றுச் சின்னமா அறிவிச்சபோது பெயர் 'பேர் ஆற்றுப் படுகொலை'ன்னு ஆச்சு. 2018ல் ஷோஷோனி மக்களே அங்கே சுமார் 550 ஏக்கர் நிலத்தை விலைக்கு வாங்கினாங்க. தங்கள் முன்னோர் செத்த மண்ணை, காசு கொடுத்து.

படுகொலைக்கு ஆறு மாதம் கழிச்சு, பாக்ஸ் எல்டர் ஒப்பந்தத்தில் ஷோஷோனி தலைவர்கள் கையெழுத்துப் போட்டாங்க. நம்ம மூணாவது ஸ்டாப் இருக்கிற கவுண்டியின் பெயரும் பாக்ஸ் எல்டர்தான்.

மூன்றாவது: பிரமாண்டரி சம்மிட்

1869 மே 10 அன்னைக்கு, கிழக்கிலிருந்து வந்த யூனியன் பசிஃபிக்கும் மேற்கிலிருந்து வந்த சென்ட்ரல் பசிஃபிக்கும் இங்கேதான் சந்திச்சது. தங்க ஆணி வெச்சாங்க, தந்தியில் 'முடிந்தது'ன்னு ஒரே வார்த்தை நாடு முழுக்கப் போச்சு.

இங்கே இன்ஜினியர்களுக்குப் பிடிச்ச ஒரு விஷயம் இருக்கு. அரசு மைல் கணக்கில் கடன் பத்திரம் கொடுத்தது: சமவெளிக்கு 16,000 டாலர், மலைக்கு 48,000 டாலர் வரைக்கும். ஆனா ரெண்டு பாதையும் எங்கே சந்திக்கணும்னு சட்டத்தில் எழுதலை! எத்தனை வரி கோடு எழுதினேன்னு பார்த்துச் சம்பளம் கொடுத்தா நாம என்ன செய்வோமோ, அதையேதான் ரெண்டு கம்பெனியும் செஞ்சது. ஒருத்தரை ஒருத்தர் தாண்டி, 200 மைலுக்கும் மேல பக்கத்துப் பக்கத்தில் பாதைக்கு மண் வேலை பார்த்தாங்க. கடைசியில் 1869 ஏப்ரலில்தான் சந்திக்கும் இடம் முடிவாச்சு. 'பிக் ஃபில்' நடைபாதையில் போனா, அந்த ரெண்டு மண் பாதைகளையும் இன்னைக்கும் அருகருகே பார்க்கலாம்.

சென்ட்ரல் பசிஃபிக்கில் உழைச்சவங்கள்ல பெரும்பாலானவங்க சீனத் தொழிலாளர்கள். 1867ல் சம ஊதியம் கேட்டு வேலைநிறுத்தம் பண்ணாங்க. கம்பெனி சாப்பாட்டை நிறுத்தி அதை உடைச்சது. 1869 ஏப்ரல் 28ல் ஒரே நாளில் 10 மைல் தண்டவாளம் போட்டாங்க. தண்டவாளத்தைத் தூக்கிப் போட்ட எட்டு ஐரிஷ்காரர்களின் பெயர் பதிவாகியிருக்கு. கூட உழைச்ச சீனர்களின் பெயர்கள் இல்லை.

இவ்வளவு விலை கொடுத்த பாதை எவ்வளவு நாள் ஓடுச்சு? 1904ல் கிரேட் சால்ட் ஏரியின் குறுக்கே குறுக்குவழி போட்டதும் பிரமாண்டரி ஒதுங்கிடுச்சு. 1942ல் போருக்கு இரும்பு வேணும்னு தண்டவாளத்தையே கழட்டிட்டாங்க. இப்போ கோடையில் ஓட்டிக் காட்டுற ரெண்டு நீராவி என்ஜின்களும் 1979ல் வந்த நகல்கள்.

என்ஜின்கள் ரொம்ப அழகு, கண்டிப்பா பாருங்க. ஆனா பிரமாண்டரிக்கு மட்டும் போனா ஒரு கொண்டாட்டத்தை மட்டும்தான் பார்த்துட்டு வருவீங்க. பேர் ஆற்றங்கரையில் டிக்கெட் கவுண்டர் இல்லை, என்ஜின் ஷோவும் இல்லை. நிறைய பேர் தவிர்க்கிறது அந்த ஸ்டாப்பைத்தான். டூர் புக் பண்றப்போ அது லிஸ்ட்ல இருக்கான்னு முதல்ல கேளுங்க. சொந்தமா வண்டி ஓட்டினா, மொத்தம் அஞ்சு மணி நேர டிரைவ். தண்ணியும் சாப்பாடும் எடுத்துக்கங்க. பிரமாண்டரி பக்கம் கடையே கிடையாது.

அடுத்த எபிசோடில் சந்திப்போம்.