சண்டைக்குப் பதில் வழக்கு: தி ஹேக் அமைதி அரண்மனையின் கதை

நெதர்லாந்தின் தி ஹேக் நகரில் உள்ள அமைதி அரண்மனையில் எந்த ராஜாவும் குடியிருந்ததில்லை. நாடுகள் வழக்காடுவதற்கென்றே எழுப்பிய கட்டடம் அது. பணம் கொடுத்தவர் அமெரிக்க எஃகுத் தொழிலதிபர் ஆண்ட்ரூ கார்னெகி.

1899இல் ரஷ்யாவின் ஜார் மன்னர் இரண்டாம் நிக்கோலஸ் முயற்சியால் தி ஹேக்கில் கூடிய முதல் அமைதி மாநாடு, நிரந்தர நடுவர் மன்றத்தை உருவாக்கியது. மன்றம் வந்துவிட்டது, அதற்கேற்ற கட்டடம் இல்லை. நீதிமன்றமும் நூலகமும் கட்ட 1903இல் கார்னெகி 15 லட்சம் டாலர் கொடுத்தார். போட்டிக்கு வந்த 216 வரைபடங்களில் பிரான்ஸின் லூயி கோர்டோனியே வரைந்தது தேர்வானது. அதில் நான்கு கோபுரங்கள். செலவு கட்டுப்படியாகாமல் இரண்டை வெட்டினார்கள்.

உள்ளே போடவேண்டிய பொருட்களை நாடுகள் சீர்வரிசை போல அனுப்பின. ஜப்பான் சுவரில் தொங்கவிடும் பட்டுச் சீலைகள் தந்தது, சுவிட்சர்லாந்து கோபுரக் கடிகாரம் தந்தது. ஜார் மன்னர் அனுப்பிய ஜாஸ்பர் கல் ஜாடியின் எடை மூன்று டன்னுக்கும் மேல். வாசலின் இரும்புக் கதவுகள் ஜெர்மனியின் அன்பளிப்பு. 1913 ஆகஸ்ட் 28இல் திறப்பு விழா நடந்தது. ஓராண்டு முடிவதற்குள், கதவு தந்த நாடும் ஜாடி தந்த நாடும் போர்க்களத்தில் எதிரெதிரே நின்றன. 1915இல் கூடவிருந்த மூன்றாவது ஹேக் அமைதி மாநாடு நடக்கவே இல்லை.

இதை வைத்து அரண்மனையைக் கேலி செய்வது எளிது. ஆனால் போரை நிறுத்தும் படை எதுவும் அதனிடம் எப்போதும் இருந்ததில்லை. 1946 முதல் அங்கே இயங்கும் சர்வதேச நீதிமன்றத்தின் 15 நீதிபதிகளும், சம்பந்தப்பட்ட நாடுகள் ஏதோ ஒரு வகையில் சம்மதித்திருந்தால்தான் வழக்கை விசாரிக்க முடியும். பாகிஸ்தான் மரண தண்டனை விதித்த இந்தியர் குல்பூஷண் ஜாதவின் வழக்கில் பாகிஸ்தானை இந்தியா அங்கே இழுக்க முடிந்ததும், துணைத் தூதரக உறவு ஒப்பந்தத்தின் விருப்ப நெறிமுறையில் இரு நாடுகளும் முன்பே சேர்ந்திருந்ததால்தான்.

அந்த வழக்கின் தீர்ப்பு 2019 ஜூலை 17இல் வந்தது. அதே மாதம் அதே கட்டடத்தில் இன்னொரு விசாரணையும் நடந்தது. 2012இல் கேரளக் கடலுக்கு அப்பால், எண்ணெய்க் கப்பலில் இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் சுட்டதில் இரண்டு மீனவர்கள் இறந்தார்கள். ஒருவர் நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்காரர். வீரர்களை இந்தியா விசாரிக்க முடியாது, ஆனால் இத்தாலி இழப்பீடு தரவேண்டும் என்று அதை விசாரித்த நடுவர் தீர்ப்பாயம் 2020இல் சொன்னது. பாதித் தீர்ப்புதான், கோபமும் நியாயமானதுதான். ஆனாலும் இத்தாலி பணம் கட்டியது: மொத்தம் 10 கோடி ரூபாய். அதில் இரு குடும்பங்களுக்கும் தலா 4 கோடி, மீதி படகு உரிமையாளருக்கு.