வராத டீ

"ரெண்டு டீ போடுங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தோம். அடுப்பில் பால் இன்னும் பொங்கவில்லை. "இந்தா வந்துட்டு" என்றார் மாஸ்டர்.

களக்காட்டில் மேற்கு மலை தெரியாமல் மேகம் இறங்கியிருந்த சாயங்காலம். தங்கை மகன் கையில் ஒரு மதிப்பெண் தாள். மறுநாள் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டிக்கு அவன் நடுவர். கருத்து, குரல் கட்டங்கள் அவனுக்குச் சுலபம். 'மொழிநடை'தான் மிரட்டியது. "பிழைய எண்ணி, ஒண்ணுக்கு ஒரு மார்க் கழிச்சாப் போதும்லா மாமா?"

"அப்போ மொதல்ல மாஸ்டருக்கு ஒண்ணு கழி. வராத டீய வந்துட்டுன்னாரே!"

விழித்தான். பிழையில்லாமல் சொன்னால் வழாநிலை, பிழைபட்டால் வழு. வரப்போவதை வந்ததாகச் சொல்வது காலவழு. திணை, பால், இடம், காலம், வினா, விடை, மரபு என்று வழு ஏழு வகை. ஆனால் 13ஆம் நூற்றாண்டில் நன்னூல் எழுதிய பவணந்தி முனிவர், அவசரத்தில் காலம் மாறினால் அதை ஒப்புக்கொள்கிறார். காரணத்தோடு வரும் வழுவுக்கு வழுவமைதி என்று பெயர். ஒரே ஒரு தலைமையாசிரியரை 'அவர்கள்' என்பதும், கன்றுக்குட்டியைப் பார்த்து 'என் ராசாத்தி வந்துட்டா' என்று கொஞ்சுவதும் இந்தக் கணக்குதான். பிள்ளை ஏன் அப்படிச் சொன்னது என்று யோசித்த பிறகே பேனாவைத் தொடவேண்டும்.

காரணமே இல்லாத வழுவும் வரும். 'நம் ஊர்க் குளங்கள்' என்று ஒரு பையன் தொடங்குவான். நடுவில் பச்சையாறு, தாமிரபரணி, முன்னோர் பெருமை எல்லாம் வந்துபோகும். கடைசியில் 'தூர்ந்து கிடக்கிறது' என்று முடிப்பான். தமிழில் வினைமுற்று பெரும்பாலும் கடைசியில் நிற்கிறது. அதுவரை எழுவாயை மனசில் சுமக்கவேண்டும். வாக்கியம் நீண்டால் வழியிலேயே இறக்கிவைத்துவிடுகிறோம். கேட்கிறவருக்கும் அதே சுமைதான். அதனால் எழுவாயைத் தாளின் ஓரத்தில் குறித்துக்கொள்ளச் சொன்னேன். 'ஒவ்வொரு மாணவர்களும்' என்கிற பிழை எப்படியும் வரும். நான் கேட்டவரை அது வராத போட்டியே இல்லை.

"நம்ம பேச்சுல 'சொல்லுதேன்'னு வந்துட்டா?"

இங்கேதான் நடுவர்கள் அநியாயம் செய்கிறார்கள். வட்டார வழக்கு பிழை இல்லை. செந்தமிழில் 'கூறுகிறேன்' என்று நடந்துவந்த பெண் பதற்றத்தில் 'சொல்லுதேன்' என்று சறுக்கினால், லேசாகக் குறைக்கலாம். அவளே தன் ஆச்சி கதையை ஆச்சி வாயாலேயே 'சொல்லுதேன், கேளு' என்று சொன்னால் கூட்டிப் போடவேண்டும். ராஜவல்லிபுரத்தில் 1896இல் பிறந்த ரா.பி. சேதுப்பிள்ளை, எதுகையும் மோனையுமாகப் பேசியே 'சொல்லின் செல்வர்' ஆனவர். 2022இல் மறைந்த நெல்லை கண்ணன் இலக்கியம் பேசிக்கொண்டே சட்டென்று நெல்லைப் பேச்சுக்குள் இறங்கிவிடுவார். பிழை எண்ணுகிற தாளை வைத்து இவர்கள் ரெண்டு பேருக்கும் மார்க் போட்டுப் பாரேன் என்றேன். சிரித்தான்.

பேச்சின் நடுவே ஒட்டிக்கொள்ளும் 'வந்து', 'அதாவது' இவற்றையெல்லாம் எண்ண உட்கார்ந்தால் பேச்சு காதில் விழாது. 1924இல் கலிஃபோர்னியாவில் ரால்ஃப் ஸ்மெட்லி தொடங்கிய டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றங்களில் இந்த எண்ணிக்கைக்கென்றே ஒருவர் உண்டு. அங்கே மொழியைக் கவனிக்கிறவர் பிழையோடு, காதுக்கு இனித்த சொல்லையும் எழுந்து சொல்லவேண்டும். பவணந்தியும் நூலுக்குப் பத்துக் குற்றம் சொன்ன கையோடு பத்து அழகும் சொன்னவர். மருமகன் கட்டத்தின் நடுவே ஒரு கோடு கிழித்து, வலப்பக்கம் 'நல்லது' என்று எழுதிக்கொண்டான்.

"காலையில கோயிலுக்குப் போயிட்டுப் போ. நம்ம ஊர்ச் சாமி சத்தியவாகீசர். வாக்குக்கே ஈசன்."

"டீ வந்துட்டு" என்று டம்ளர்களை வைத்தார் மாஸ்டர்.

"இதுவும் வழுவமைதியா மாமா?"

"டம்ளர்தான் கையில சுடுதே. இது வழாநிலை."