வெள்ளி இரவு ரயில்

பள்ளத்தாக்கு தாண்டிப் படிக்கப் போகிறவர்கள் – 9

சென்ற வாரம் கலந்தாய்வு, கட்டணம், விடுதி முன்பணம் பற்றிப் பேசினோம். இந்த வாரம், பெட்டியை அறையில் இறக்கி வைத்த பிறகு வரும் முதல் இரண்டு மாதங்கள்.

2010 கடைசியோடு மீட்டர்கேஜ் ரயில் நின்றுபோன நம் தேனி மாவட்டப் போடியிலிருந்து, 2023 ஜூன் 15 அன்று சென்னை சென்ட்ரலுக்கு நேரடி ரயில் விட்டார்கள். வாரத்தில் மூன்று நாள். வெள்ளி இரவு சென்ட்ரலில் ஏறினால் சனி காலை போடி. ஞாயிறு இரவு போடியில் ஏறினால் திங்கள் காலை சென்ட்ரல். யாரை நினைத்து அட்டவணை போட்டார்களோ, விடுதிப் பிள்ளைகளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டையாக அது அமைந்துவிட்டது. மதுரையில் படிக்கிறவர்களுக்கு அதுவும் வேண்டாம். ஆரப்பாளையத்தில் பஸ் ஏறினால் இரவுச் சாப்பாட்டுக்கு வீடு.

இந்த வசதியில்தான் சிக்கலே. அந்தக் காலத்துக் கதை வேறு. உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரி வந்தது 1956-இல். பெரியகுளத்தில் பெண்களுக்கான ஜெயராஜ் அன்னபாக்கியம் கல்லூரி 1971-இல். அதற்கு முன் பட்டப்படிப்பு என்றால் மதுரைக்குத்தான் போக வேண்டும்: அமெரிக்கன் கல்லூரி, தியாகராசர் கல்லூரி, பெண்களுக்கு லேடி டோக், பாத்திமா. நினைத்த வாரமெல்லாம் ஊர் திரும்ப அன்று கையில் காசு இருந்ததில்லை. விருப்பம் இருந்ததோ இல்லையோ, போன இடத்தில் ஒட்டித்தான் ஆக வேண்டியிருந்தது. இன்றைய பிள்ளைக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. ஒட்டுவதா வேண்டாமா என்பதை ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அவரே முடிவு செய்ய வேண்டியிருக்கிறது. பதினெட்டு வயதுக்கு அது பெரிய பாரம்.

முதலாண்டு மாணவர்களுக்கு என் யோசனை ஒன்றுதான்: முதல் இரண்டு மாதம் வாராவாரம் ஊருக்கு வராதீர்கள். வகுப்பில் பக்கத்தில் உட்காருகிறவர் நண்பராவது பெரும்பாலும் சனிக்கிழமையில்தான். பக்கெட்டோடு துணி துவைக்கிற இடத்தில், மெஸ்ஸில் மெதுவாகச் சாப்பிட்டு முடிக்கிற நேரத்தில், பாடம் புரியவில்லை என்று ஒருவர் முதலில் வாய் திறக்கிறபோது. பன்னிரண்டு வருடம் தமிழ்வழியில் படித்துவிட்டு ஆங்கிலத்தில் பாடம் கேட்கிற பிள்ளைக்கு இந்தக் கூட்டு மிக அவசியம். பேராசிரியரிடம் கேட்கக் கூச்சப்படுகிறவர் அறைத்தோழரிடம் கேட்டுவிடுவார். வெள்ளிக்கிழமை பை தூக்குகிறவருக்கு அந்தச் சனிக்கிழமைகள் கிடைப்பதில்லை. இரண்டு மாதம் கழித்துப் பார்த்தால் மற்றவர்களெல்லாம் குழுவாகியிருப்பார்கள், இவர் மட்டும் விருந்தாளியாக இருப்பார்.

காசுக் கணக்கும் இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த மாணவிகளுக்குப் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பரிலும், மாணவர்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 ஆகஸ்டிலும் தொடங்கின. மாதம் 1,000 ரூபாய் நேராக அவர்கள் கணக்குக்கே வருகிறது. அதைப் பயணச் சீட்டுக்குக் கரைக்காமல், வந்து சேர்ந்த நகரத்தைப் பழகச் செலவிடலாம். பழகுவதற்குப் பெரிய செலவும் கிடையாது. சென்னையில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகமும், 2023-இல் திறந்த மதுரை கலைஞர் நூற்றாண்டு நூலகமும் ஒரு நாள் முழுக்க உட்கார இடம் தரும். சாதாரணக் கட்டண நகரப் பேருந்தில் 2021 மே முதல் பெண்களுக்குக் கட்டணமே இல்லை.

இதே கதை எதிர்த்திசையிலும் நடக்கிறது. 2004-இல் தொடங்கிய கானாவிலக்கு அரசு மருத்துவக் கல்லூரிக்கும், 2012-இல் வந்த போடி அரசுப் பொறியியல் கல்லூரிக்கும், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரிக்கும் வெளி மாவட்டப் பிள்ளைகள் வருகிறார்கள். நமக்குச் சொந்த ஊராக இருக்கும் காற்றும் மலையும் அவர்களுக்கு முதல் மாதம் வெறும் தனிமைதான். விடுதிப் பக்கம் கடை வைத்திருப்பவர்கள் இரண்டு வார்த்தை கூடுதலாகப் பேசினால் நல்லது.

பெற்றோருக்கும் ஒரு பங்கு உண்டு. விடிகாலை ஜீப்பில் மேட்டுக்கு ஏறி, ஏலத்தோட்ட வேலை முடித்து இறங்கும் அம்மாவுக்கு மகளோடு பேச இரவில் கிடைப்பது கொஞ்ச நேரம். "சாப்டியா தங்கம், மெஸ்ஸுல என்னா போட்டாய்ங்க?" என்ற கேள்வி தப்பே இல்லை. கூடவே, "இன்னைக்கு யார்கூட உக்காந்து சாப்ட்ட?" என்றும் கேட்டுப் பாருங்கள். பதிலில் ஒரு பெயர் வந்தால் நிம்மதியாகத் தூங்கலாம். வாரக்கணக்கில் பெயரே வராவிட்டால் நீங்கள் ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.

ஊருக்கு வராதே என்பதற்கு விலக்கும் உண்டு. ராகிங் நடந்தால் பொறுத்துப் போகவே கூடாது. அண்ணாமலைப் பல்கலைக்கழக மருத்துவ மாணவர் நாவரசு 1996 நவம்பரில் கொல்லப்பட்ட பிறகு, 1997-இல் தமிழ்நாடு ராகிங்கைத் தடுக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. இரண்டு ஆண்டு வரை சிறை, 10,000 ரூபாய் வரை அபராதம். தேசிய உதவி எண் 1800-180-5522. தூக்கமும் பசியும் போய், எதிலும் மனம் ஒட்டாமல் நாள்கள் நீண்டால் மனநல உதவி எண் 14416-ஐ அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். அப்படிப்பட்ட நாளில் வீட்டுக்கு வருவதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

மற்றபடி, ஊருக்கு வரும் தேதியை முன்கூட்டியே காலண்டரில் குறித்து வையுங்கள். தீபாவளி என்றோ, தங்கச்சி பிறந்தநாள் என்றோ. ஏங்கிய நேரத்தில் ஓடிவருவதைவிட, நாள் குறித்து வருகிறவருக்கு ஞாயிறு மாலை கிளம்புவது அத்தனை கனக்காது.

(அடுத்த வாரம்: முதல் செமஸ்டரில் விழும் அரியர்)